சிவப்புக் கண்ணாடியும் மரைக்காரின் பிறையும்

சென்ற மாதம் நீங்கள் என்னைக் கல்லூரி மாடிக்கு அழைத்துப்போய் வானத்தைப் படம்பிடிக்கும் உங்கள் புதிய கேமராவைக் காட்டினீர்கள். கறுப்பு வெள்ளை மட்டுமே பதியும் கேமரா. அதன் முன்னால் ஒரு சக்கரம். சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலம், ஹைட்ரஜன் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒன்று என வட்டக் கண்ணாடிகள். கணினியில் தட்டினால் சக்கரம் சுழன்று அடுத்த கண்ணாடி வந்து நிற்கிறது. உங்களில் ஒருவர், அண்மையில் இயற்பியல் துறையில் சேர்ந்த பெண், "சார், ஒவ்வொரு ஃபில்டருக்கும் மறுபடி ஃபோகஸ் பண்ணணுமா? வித்தவங்க வேண்டாம்னு சொல்றாங்களே" என்று கேட்டார். "பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் படியிறங்கிவிட்டேன்.

உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒருவர் கோவில்பத்து வரை என்னுடன் வந்து வீட்டில் விட்டுப் போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் நீளமானது, நின்றபடி சொல்லக்கூடியதல்ல. ஆகவே எழுதுகிறேன். சில இடங்கள் எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. அவற்றைத் தெளிந்தது போலக் காட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இதே துறையில் இளம் விரிவுரையாளன். சொந்த ஊர் நெடுங்காடு, வீட்டில் நெல் விவசாயம். தினமும் பஸ்ஸில் போய் வர அலுத்துப்போய் காரைக்காலில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை மரைக்கார் என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே. இளமையில் வியட்நாமின் சைகோனில் கடை வைத்திருந்து, பிறகு இங்கே வந்து துணி வியாபாரம் செய்தவர். அறுபதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, கண்ணாடி போடாத கண்.

அவருக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு இருந்தது. யாராவது மனை வாங்கினால், விற்றால், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு அவரைக் கூப்பிடுவார்கள். இந்து வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள். "மரைக்கார் கையெழுத்து இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் முன்பணம் கொடுப்பார்கள். அதற்காக அவர் எதுவும் வாங்குவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

அந்த மொட்டை மாடியில்தான் நான் படம் பிடித்துப் பழகினேன். துறையில் கேட்பாரற்றுக் கிடந்த மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுமதி வாங்கி எடுத்து வந்திருந்தேன். கண் வைக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லென்ஸ் இல்லாத கேமராவைப் பொருத்துவேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம். என்னிடம் இரண்டு ஃபில்டர்கள்தான். மஞ்சள் ஒன்று, மெல்லியது. சிவப்பு ஒன்று, புதுச்சேரியில் பழைய கேமரா விற்கிறவரிடம் வாங்கியது. பித்தளை வளையத்துக்குள் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டி, நடுவே சிவப்புத் தாள் வைத்தது. கையில் எடுத்தால் கனக்கும். அந்தக் கனமே அதன் தரம் என்று எண்ணியிருந்தேன்.

எந்த ஃபில்டர் எதற்கு என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தி வானத்தில் மெல்லிய பிறையைப் பிடிக்க வேண்டுமென்றால், பின்னால் இருக்கும் நீல வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு அதைச் செய்யும். வால் நட்சத்திரத்தின் நீல வாலுக்கு அதே சிவப்பைப் போட்டால் வாலே காணாமல் போகும். வானத்தை மட்டும் பார்த்து ஃபில்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படம் எடுக்கப் போகும் பொருளையும் பாருங்கள். இந்த விஷயத்தில் நான் அன்று தவறவில்லை. ஆடி மாதக் காற்றில் மேற்கு வானம் முழுக்கத் தூசு. சிவப்புதான் சரி. நான் தவறியது அதற்கு அடுத்த படியில்.

நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பும் உண்டு. ஊரெல்லாம் மாடிகளில் ஆட்கள். மரைக்கார் ஒவ்வொரு வருஷமும் எங்கள் மாடிக்கு ஏறுவார். அன்று கையில் ஒரு பேரீச்சம்பழத்துடன் வந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அதை வாயில் போட்டுக்கொண்டு மேற்கே திரும்பி நின்றார். நெடுங்காட்டுப் பக்கம் தென்னை வரிசைக்கு மேலே வானம் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அதோ" என்றார். குரல் உயரவில்லை. "அந்த ரெண்டு தென்னைக்கு நடுவுல, மேலே ஒரு விரக்கடை. பாத்தீங்களா தம்பி?"

நான் பார்த்தேன். ஒரு கணம் நகம் கீறியது போல ஏதோ தெரிந்தது. இமைத்தேன், இல்லை. மறுபடி தெரிந்ததா என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதே இல்லை. தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பது மட்டும் நிச்சயம். ஆசைப்படும் கண் எதை வேண்டுமானாலும் காணும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவன் நான். எனவே கண்ணை விட்டுவிட்டுக் கேமராவிடம் போனேன். அவர் காட்டிய இடத்துக்குக் குழாயைத் திருப்பினேன். சிவப்பு ஃபில்டர் போட்டுவிட்டால் கேமராவின் சின்ன ஜன்னல் இருண்டுவிடும், ஃபோகஸ் பார்க்க முடியாது. அதனால், சில நாள் முன்பு ஃபில்டர் இல்லாமல் ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்த்துக் குழாயில் பென்சிலால் போட்டிருந்த கோட்டுக்கே கேமரா மாட்டிய உள்குழாயை நகர்த்தினேன். பிறகு ஃபில்டரைச் செருகினேன். ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றிச் சில படங்கள் எடுத்தேன். அதற்குள் மரைக்கார் படியிறங்கிப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

தவறு எங்கே என்று உங்களில் சிலர் கண்டுபிடித்திருப்பீர்கள். குவியப் போகும் ஒளியின் வழியில் ஒரு கண்ணாடியை வைத்தால், அதன் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம் தள்ளித்தான் ஒளி குவியும். அது போதாதென்று, இரண்டு வில்லை வைத்த அந்தக் காலத் தொலைநோக்கியில் சிவப்பு ஒளி தானாகவே கொஞ்சம் பின்னால் குவியும். இரண்டு பிழைகளும் ஒரே திசையில். என் பென்சில் கோடு கண்ணாடி இல்லாத குழாய்க்கு உரியது. இதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. மைப் புள்ளி மேல் கண்ணாடிப் பாளத்தை வைத்து, புள்ளி எவ்வளவு மேலே எழுகிறது என்று நுண்ணோக்கியை நகர்த்தி அளக்கும் சோதனையை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துபவன் நான். ஆய்வகத்தில் இருந்தால் தெரியும். மாடிக்கு ஏறினால் தெரியாது. அது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நான் படத்தைக் கழுவத் தொடங்குமுன் பள்ளிவாசலில் இருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மரைக்கார் போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறார். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். வேறு யாரும் பார்க்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் தகவல் இல்லை. அதனால் முப்பதையும் பூர்த்தி செய்வதென்று பெரியவர்கள் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டார்கள். அந்த முடிவு முறைப்படி சரியானது. அதை நான் எந்த வகையிலும் மாற்றியிருக்க முடியாது. என் சாட்சி அங்கே கணக்கிலும் வராது. ஆனால், "வாத்தியார் தம்பியும் கூட நின்னாரு, படமே புடிச்சாரு" என்று மரைக்கார் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு ஆர்வத்தில் வந்தவர்கள் அவர்கள். கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். காத்திருந்தார்கள்.

ஈரம் காயாத நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். வானம் ஒரே சீராக இருந்தது. கீழ் ஓரத்தில் தென்னை மட்டைகள் மங்கலாக விழுந்திருந்தன. மங்கல் என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. மரம் கிட்டே இருக்கிறது, நிலா எட்டாத தூரத்தில் இருக்கிறது, ஆகவே மரம் மங்கினால் நிலாவுக்கு ஃபோகஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என நினைத்தேன். என் பிழையின் தடயத்தையே நான் சரியாகச் செய்ததற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் பிழை ஒளிந்துகொள்வதில்லை. நமக்குப் பிடித்த விளக்கம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு நம் முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்.

"படத்துல ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

அந்த நகக் கீறல் நினைவுக்கு வந்தது. "கண்ணை நம்ப முடியாதுங்க" என்றேன்.

என் கண்ணைத்தான் சொன்னேன். அல்லது அப்படித்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். ஊர் அதை மரைக்காரின் கண் என்று எடுத்துக்கொண்டது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, படத்தில் எதுவும் பதியவில்லை, நான் சரியாக எடுத்தேனா என்று இன்னும் சரிபார்க்கவில்லை என்பதுதான். அதைச் சொல்ல அதிக நேரம் ஆகியிருக்காது. ஆனால் வாசலில் நின்று பதிலுக்குக் காத்திருப்பவர்கள் முன்னால், தெரியாது என்று சொல்ல இயற்பியல் வாத்தியாருக்கு நா எழவில்லை.

மறுநாள் காலை ஊர் நோன்பிருந்தது. நான் மண்ணெண்ணெய் அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். நோன்பு மாதத்தில் கீழே வாசனை போகாதபடி கதவைச் சாத்திக்கொள்வது என் வழக்கம். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் மரைக்கார். உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"எனக்கும் கொஞ்சம் காப்பி இருக்குமா தம்பி?"

நான் அவரையே பார்த்தேன். "நோன்பு இல்லீங்களா?"

"எனக்கு இன்னிக்குப் பெருநாள். பிறையைப் பாத்தவன் நோன்பு புடிக்கக் கூடாது. ஊரே நோன்பு இருக்கறப்ப நாலு பேரு பாக்கக் குடிக்கவும் கூடாது. என் வீட்டுலயே எல்லாரும் நோன்பு. நான் எங்க போவேன், சொல்லுங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இளைஞர்களிடம் நான் என்ன சொன்னேன் என்பது அவர் காதுக்கு எட்டியிருந்தது, பிறகு தெரிந்துகொண்டேன். குடித்து முடித்து, டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிடிவாதக்காரர் என்று நினைத்தேன். கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. வேறு என்ன நினைத்தேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பெருநாள் கழிந்து அந்த வாரத்திலேயே, வகுப்பில் காட்டுவதற்காக அரை நிலாவைப் படம் பிடித்தேன். ஃபில்டர் இல்லாமல் சில, சிவப்பு ஃபில்டருடன் சில, எல்லாம் அதே பென்சில் கோட்டில். முதல் வகையில் பள்ளங்களின் விளிம்பு பிளேடால் அறுத்தது போல் இருந்தது. இரண்டாம் வகையில் பள்ளங்களே கரைந்து போயிருந்தன. அரை நிலாவுக்கே இந்தக் கதி என்றால், மயிரிழைப் பிறை பரவிக் கரைந்து வானத்தோடு வானமாகிவிட்டிருக்கும். அது விழுந்திருந்தாலும் அந்த ஃபிலிமில் நான் பார்த்திருக்க முடியாது. கீழே மரைக்கார் யாரிடமோ பேசுவது கேட்டது. இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறிப்போன பேச்சைக் கிளற வேண்டாமே என்று ஒரு சமயம் தோன்றியது. பிறை அங்கே இருந்ததா என்பதே எனக்கு உறுதியில்லையே, எதைப் போய்ச் சொல்வது என்று இன்னொரு சமயம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த ஆண்டுதான் ஊரில் என்னை வானம் பார்க்கும் சார் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதுவும் ஒரு காரணம். எது எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பேச்சு ஆறவுமில்லை. டீக்கடையில் பட்டப்பகலில் வயசுப் பிள்ளைகள் அவரை நிறுத்தி, "மரைக்கார், இன்னிக்கு எத்தனை நிலா?" என்று கேட்பதை நானே கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு, "உனக்கு எத்தனை வேணும்?" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கடுத்து நடந்ததற்கு அவரால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு மனை விற்பனைக்குச் சாட்சி போட வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக வாசலில் உட்கார்ந்திருந்தார். வாங்குகிறவரின் தம்பி சைக்கிளில் வந்து, வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். காரணம் எதுவும் சொல்லவில்லை. மரைக்கார் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். நான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பத்திரத்துக்கு யாரும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது.

அண்மையில் உங்கள் கணினி நிரலில் அந்த நாளையும் காரைக்காலையும் கொடுத்து, பிறை தெரிந்திருக்குமா என்று பார்த்தேன். கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்று வரைபடத்தில் காட்டும் பட்டையில் ஊர் விழுகிறது. அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. நான் குழாயைத் திருப்பிய இடம் சரிதானா, படச் சட்டத்துக்குள் பிறை இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நகக் கீறல் தெரிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். கண்ணாடியை மாற்றினால் ஃபோகஸை மறுபடி பாருங்கள். எல்லாம் ஒரே தடிமன் என்று விற்றவர் சொன்னாலும் பாருங்கள். படத்தில் ஒன்று இல்லை என்று யாரிடமாவது சொல்வதற்கு முன், இருந்திருந்தால் அது அந்தப் படத்தில் தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிழை தெரிந்தால் அன்றைக்கே படியிறங்கிப் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு, மறுபடி இருபத்தொன்பதாம் நாள் மாலை. இந்த முறை சிவப்பு ஃபில்டரைப் போட்டபடியே, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, அந்தியில் முதலில் தெரிந்த வெள்ளியை வைத்து ஃபோகஸ் பார்த்தேன். பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டேன். வானம் சுத்தமாக இருந்தது. பிறை வந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. படங்கள் எடுத்துவிட்டுப் பார்த்தால் மாடியில் நான் மட்டும்தான். அவர் ஏறி வந்திருக்கவில்லை. கீழே ஓடினேன்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு, தட்டில் பேரீச்சம்பழக் கொட்டைகள்.

"மரைக்கார், பிறை தெரியுது. நல்லாவே தெரியுது. மேல வாங்க."

"படம் புடிச்சீங்களா?"

"புடிச்சேன்."

"அப்ப கழுவிப் பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி."

குத்திக் காட்டும் குரல் அல்ல. சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலச் சொன்னார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியின் தடிமன், பென்சில் கோடு, மங்கிய மட்டைகள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசி வரை கேட்டார்.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். "போன பெருநாள் முடிஞ்சு, அந்த வாரமே" என்றேன்.

அவர் தட்டில் கிடந்த கொட்டைகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். தெருவில் யாரோ பிறை தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து பேச்சும் சிரிப்பும்.

"படத்தை விடுங்க. அன்னிக்குக் காலையில மேல வந்து காப்பி குடிச்சேனே. பாக்காத பிறையைப் பாத்தேன்னு பொய் சொல்றவன், பாவம்னு தெரிஞ்சும் ஒளிஞ்சு வந்து நோன்பை விடுவானா தம்பி? அப்பவே உங்களுக்குத் தெரியலையா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் எழுந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். எல்லோரும் மேற்கே கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் தலை நிமிராமல் அவர்களைத் தாண்டிப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

நான் மாடிக்குத் திரும்பியபோது பிறை தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. படம் மிகக் கூர்மையாக வந்திருந்தது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.